ஒன், ரெண்டு, த்ரீ

காலை எட்டு ஐம்பது. கேட்டுக்கு உள்ளே முதலில் கண்ணில் பட்டது, கொடியில் வரிசையாகத் தொங்கிய சின்னச் சின்னக் கால்சட்டைகள். பிள்ளைகள் இன்னும் உள்ளே போகவில்லை. அவை முந்தின நாள் பிள்ளைகள் நனைத்தவை. ஒவ்வொன்றின் இடுப்புப் பட்டையிலும் பேனாவால் ஒரு பெயர் எழுதியிருந்தது. பலமுறை நனைந்து காய்ந்ததில் சில பெயர்களின் மை ஊதாவாகப் பரவிவிட்டது. என் துப்பட்டாவின் நுனியை வாயில் வைத்துக்கொண்டு என் மகள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மூன்று வயது முடிய இன்னும் சில வாரங்கள் இருந்தன. பள்ளி திறந்து ஒரு வாரம் கழித்துத்தான் சேர்த்தோம்.

கரையான்சாவடியில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது அந்த நர்சரி. ஒரு வீட்டைத்தான் பள்ளியாக்கியிருந்தார்கள். கீழ்த்தளம் பிரீ.கே.ஜி., முதல் மாடியில் எல்.கே.ஜி.யும் யு.கே.ஜி.யும், அதற்கும் மேலே அதை நடத்திய அம்மாவின் குடியிருப்பு. அவர் பெரிய பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். காட்டன் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை, மூக்கின் நடுவில் நிற்கும் கண்ணாடி. எல்லோருக்கும் அவர் 'மேடம்'. பிரீ.கே.ஜி. ஆசிரியை 'மிஸ்'. திருமழிசையிலிருந்து பஸ்ஸில் வருவார், திருமணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. மிஸ் என்பதே அவருடைய பெயர் என்று பிள்ளைகள் நம்பினார்கள். என் மகள் ஒருநாள் என்னிடம், "மிஸ்ஸோட அம்மாவும் அவங்கள மிஸ்னுதான் கூப்பிடுவாங்களா?" என்று கேட்டாள்.

நாங்கள் தென்காசிப் பக்கத்துக்காரர்கள். குமணன்சாவடியில் ஒரு ஃபிளாட்டில் குடியிருந்தோம். கணவருக்கு அம்பத்தூரில் மென்பொருள் வேலை. எனக்குப் பத்திரிகை அலுவலகத்தில், பிற்பகலில் தொடங்கும், செய்தி சரிபார்க்கும் டெஸ்க் வேலை. அதனால் மகளைக் கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் என் பொறுப்பு. மற்ற பெற்றோர் விட்டுவிட்டு ஓடும்போது எனக்கு மட்டும் அந்தக் கேட்டருகே நின்று பார்க்க நேரம் இருந்தது. பினாயிலும் ஊறிய பிஸ்கட்டும் கலந்த வாசனை வரும். கண்ணை மூடி ஜெபம் சொல்லும்போது ஒரு கண்ணை மட்டும் திறந்து யார் திறந்திருக்கிறார்கள் என்று பார்க்கும் பிள்ளைகள் உண்டு. வலது செருப்பை இடது காலில் போட்டுவிட்டு, அது ஏன் வலிக்கிறது என்று காலைக் குனிந்து பார்க்கும் பிள்ளைகள் உண்டு. இப்போது என் மகள் தன் ஷூவுக்குத் தானே கயிறு கட்டிக்கொண்டு, நான் எழுவதற்கு முன்பே பள்ளி வேனுக்குப் போய்விடுகிறாள். அந்த ஒரு வருடத்தின் காலைகள்தான் எனக்கு முழுதாக நினைவில் இருக்கின்றன.

முதல் வாரம் முழுக்க அழுகை. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுவாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருக்கும். அதற்கடுத்த திங்கட்கிழமை, பள்ளி வாசலில் ஒரு குட்டியானை வந்து நின்றது. சரக்கு ஏற்றும் அந்தச் சின்ன வண்டியின் முன் இருக்கையிலிருந்து ஒரு பெண் குழந்தையை அவளுடைய அப்பா தூக்கி இறக்கினார். இரட்டைச் சடை, முதுகைவிடப் பெரிய பை. அவள் நேராக என் மகளிடம் வந்து நின்றாள்.

"இன்னா, அழுவுறியா?"

என் மகளின் அழுகை நின்றது. ஆறுதலால் இல்லை, அந்தப் பேச்சு அவளுக்குப் புதிது.

"அழுவாத. உள்ள பொம்ம கீது."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். என் மகள் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு அவள் பின்னாலேயே போனாள். அன்று மதியம் சோறு ஊட்டும்போது என்னிடம் சொன்னாள்: "அம்மா, அங்க பொம்ம கீது." இரவு போனில் இதைக் கேட்ட என் மாமியார், பிள்ளைக்கு நாக்கு ஏதும் புரளவில்லையா என்று கவலைப்பட்டார்.

அந்த வயதில் பிள்ளைகள் சேர்ந்து விளையாடுவதில்லை, பக்கத்துப் பக்கத்தில் தனித்தனியாகத்தான் விளையாடுவார்கள் என்று மிஸ் சொல்வார். முதலில் அப்படித்தான் இருந்தது. இருவரும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து வேறு வேறு மண்வாளிகளை நிரப்புவார்கள். ஆகஸ்டில் ஒரே வாளி. அக்டோபரில் ஒருத்தி நிரப்ப, மற்றவள் கொட்ட, அதற்கு ஒரு முறையும் வந்துவிட்டது. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் பாயில் அவளுக்கு இடம் விட்டுத்தான் உட்காருவாள். யாராவது அங்கே உட்கார வந்தால், "ஆள் கீது" என்பாள். அது என் மகள் சொன்னது.

எண் சொல்லித்தர மிஸ் ஒரு விளையாட்டு வைத்திருந்தார். அதன் பெயர் ரயில். பிள்ளைகள் நீலப் பாயில் வரிசையாக உட்கார வேண்டும். முதல் பிள்ளை 'ஒன்' என்று சொல்லி அடுத்த பிள்ளையின் தோளைத் தட்ட வேண்டும். தட்டு வாங்கியவர் 'டூ' சொல்லி அடுத்தவரைத் தட்ட வேண்டும். டென் வந்ததும் எல்லோரும் சேர்ந்து கூவ வேண்டும். உட்காரும் இடம் தினமும் ஒன்றுதான். மாற்றினால் பாதிப் பிள்ளைகள் அழுவார்கள். என் மகள் இரண்டாவது. இரட்டைச் சடைக்காரி மூன்றாவது.

பொங்கல் விடுமுறை முடிந்த வாரத்தில் மிஸ் என்னைக் கேட்டில் நிறுத்தினார். "எல்லாம் நல்லா சொல்றா. டூ மட்டும் வாயில வர மாட்டேங்குது. தட்டிட்டுச் சும்மா இருக்கா. பக்கத்துப் பிள்ளை அதுபாட்டுக்கு த்ரீ சொல்லிடுது."

வீட்டில் உட்காரவைத்துக் கேட்டோம்.

"ஒன், ரெண்டு, த்ரீ, ஃபோர், ஃபைவ்," என்றாள், தடங்கலே இல்லாமல்.

"ஏட்டி, அது ரெண்டு இல்ல. டூ. சொல்லு பாப்போம்," என்றார் கணவர்.

உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள்.

நான் செய்தி சரிபார்ப்பது போலச் சரிபார்த்தேன். ஷூ வந்தது. ப்ளூ வந்தது. ஜூவில் புலி இருக்கிறது என்றாள். தட்டில் இரண்டு இட்லி கேட்டால் சரியாக இரண்டு எடுத்தாள். ஆக, நாக்கிலும் பழுதில்லை, கணக்கிலும் பழுதில்லை. அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை. கணவர் இணையத்தில் தேடிப் பார்த்தார். தேடத் தேட நீளமான பெயர்கள் கொண்ட குறைபாடுகளாக வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இதுல பாதி எனக்கே இருக்குன்னு போட்டிருக்கு," என்றார்.

மேடத்துக்கு வேறொரு ஊகம் இருந்தது. நர்சரியில் ஒன் பாத்ரூம், டூ பாத்ரூம் என்றுதான் பிள்ளைகள் கேட்க வேண்டும். 'டூ' என்றால் மற்ற பிள்ளைகள் மூக்கைப் பிடித்துச் சிரிப்பார்கள். "வெக்கம்மா, வேற ஒண்ணுமில்ல," என்றார் மேடம். அன்று முதல் அந்தக் கீழ்த்தளத்தில் ஒன்னும் டூவும் நிறுத்தப்பட்டன. சின்னது, பெரிசு என்று கேட்க வேண்டும் என்று உத்தரவு. ஒரு வாரம் நடந்தது. பெரிசு என்று சொல்லிக்கொண்டு பிள்ளைகள் இன்னும் அதிகமாகச் சிரித்ததுதான் பலன். ரயில் இரண்டாவது பெட்டியில் சத்தமில்லாமல்தான் போய்க்கொண்டிருந்தது.

மார்ச் கடைசியில் மேடமே கீழே இறங்கி வந்து ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்பார். பெயர் சொல்ல வேண்டும், நிறம் காட்ட வேண்டும், ஒன்றிலிருந்து பத்து வரை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சொன்னவர்கள் ஜூனில் மாடிக்கு. சொல்லாதவர்கள் இன்னொரு வருடம் கீழேயே.

"ஃபெயில்னு நினைக்காதம்மா," என்றார் மேடம். "ரெண்டாம் நம்பரே சொல்லாத பிள்ளைய நான் எப்படி மேல அனுப்புறது? இன்னும் ஒரு வருஷம் விளையாடட்டும்."

என் மகள் என் கையைப் பிடித்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மெயின் ரோடு வரை நடந்தோம். ஜூஸ் கடைக்கு முன்னால் வந்ததும் தன் தோழியைப் பற்றிக் கேட்டாள். "அவ மேல போவாளா?"

"போவா. நல்லாச் சொல்றாளே."

"அப்ப நானும்."

"டூ சொன்னாத்தான் நீயும்."

அவளுக்கு மாடியில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. தோழி போகும் இடத்துக்குத் தானும் போக வேண்டும், அவ்வளவுதான்.

விடை கிடைத்தது பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், பள்ளி விடும் நேரத்தில். அன்று யாருடைய பிறந்தநாளோ. எல்லோருக்கும் பலூன் கொடுத்திருந்தார்கள். வெளியே வரும்போதே ஒரு பலூன் வெடித்துவிட்டது. அது யாருடையது என்பதில் இருவருக்கும் தகராறு. இரட்டைச் சடைக்காரி என் மகளின் தோளில் ஒரு தட்டுத் தட்டி, முகத்துக்கு நேராக, "டூ!" என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள். என் மகளின் கண்கள் நிரம்பின.

குட்டியானையில் சாய்ந்து நின்ற அவளுடைய அப்பா சிரித்தார். "அய்ய, மறுபடியுமா? காலீலதானடி பழம் வுட்டீங்க."

நான் அவரிடம், "டூன்னா என்னங்க?" என்று கேட்டேன்.

"இன்னாக்கா, டூ தெர்லயா? டூ வுட்டா பேச்சு கட். உங்க ஊர்ல பசங்கோ சண்டையே போட மாட்டாங்களா?"

"போடுவாங்க. எங்க ஊர்ல காய் விடுறதும்பாங்க."

"காயா?" அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்பறம் சேந்துக்கினா?"

"பழம்."

"பழம் இங்கியும் பழம்தான்க்கா. ஆனா காயி, பழம்னு கோயம்பேடு மார்க்கெட்டாண்ட நிக்குற மாறி கீதே."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "பொங்கலாண்ட ஒரு நாளு ஊட்டுக்கு வந்து ஒரே அழுவ. இன்னாடின்னு கேட்டா, உங்க பொண்ணு மொத நாளு இவ ரப்பரத் தொலைச்சிட்டாளாம், அதுல சண்டையாம். மறுநாளு ரயில்ல தட்டிட்டு டூன்னு சொல்லிட்டாளாம். நானும் விளையாட்டுதானேன்னு வுட்டுட்டேன்."

தட்டுவதும் அந்தச் சொல்லும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. சண்டைக்கு மறுநாள் காலையில், எல்லோர் முன்னாலும், மிஸ் சொல்லித்தந்தபடியே தோளைத் தட்டி 'டூ' என்றிருக்கிறாள். அந்த ஊர்ப் பிள்ளைக்கு அது எண் அல்ல, தீர்ப்பு. காய்–பழம் வீட்டிலிருந்து போன என் மகள், தான் என்ன சொன்னோம் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "ரயில்ல டூ சொன்னியா?"

"சொன்னேன். அவ அழுதுட்டா. பிஸ்கட் டப்பாவ எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டா."

"அது சண்டை டூ. ரயில்ல சொல்றது நம்பர் டூ."

"நம்பர் டூன்னா?"

"ரெண்டு."

"அப்ப ரெண்டுன்னே சொல்லலாம்ல?"



மறுவாரம் மிஸ்ஸிடம் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நான் எத்தன பேர்கிட்ட டூ விட்டிருக்கேன் சின்ன வயசுல! தோணவே இல்ல பாருங்க." அன்றே ரயிலில் இருவரையும் இடம் மாற்றினார். இப்போது இரட்டைச் சடைக்காரி இரண்டாவதாக இருந்து, தனக்கு அடுத்த என் மகளைத் தட்டி 'டூ' சொல்ல வேண்டும். தட்டக் கையை ஓங்கியவள் அப்படியே நிறுத்திவிட்டாள். ரயில் மறுபடியும் நின்றது. பிறகு இருவருக்கும் நடுவே, எல்லோருடைய பிஸ்கட்டையும் பிடுங்கும் ஒரு பையனை உட்காரவைத்தார் மிஸ். அவனைத் தட்டி அவள் சொன்ன டூ மெயின் ரோடு வரை கேட்டிருக்கும். அவன் அழ, ஐந்து நிமிடம் வகுப்பு நடக்கவில்லை. மிஸ் அந்த மாதம் முழுக்க ரயில் விடவில்லை.

வீட்டில் நாங்கள் மாடிப்படி ஏறும்போது எண்ணினோம், துணி மடிக்கும்போது எண்ணினோம். ஒன், ரெண்டு, த்ரீ. கணவர் இரண்டாவது படியில் நின்றுகொண்டு, "டூ சொன்னாத்தான் மேல வருவேன்," என்று ஒருநாள் அடம்பிடித்தார். அவள் மேலே இருந்து எட்டிப் பார்த்து, "அப்ப அங்கயே நில்லுப்பா," என்றாள்.

மார்ச் கடைசி வாரம் மேடம் கீழே இறங்கி வந்தார். பிள்ளைகள் உட்காரும் குட்டை நாற்காலி ஒன்றில் தானும் உட்கார்ந்தார். முழங்கால் நெஞ்சுவரை வந்தது. பெற்றோர் ஜன்னலுக்கு வெளியே நின்றோம். எனக்குப் பக்கத்தில் குட்டியானைக்காரர், அன்றைக்கென்று சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார்.

என் மகளைக் கூப்பிட்டார்கள். பெயர் சொன்னாள். சிவப்பைக் காட்டினாள், பச்சையைக் காட்டினாள்.

"இப்ப ஒன், டூ சொல்லு."

"ஒன்," என்றாள். நிறுத்தினாள். பாயில் உட்கார்ந்திருந்த தோழியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் தலையை ஆட்டினாள். என் மகள் மேடத்தின் பக்கம் திரும்பினாள்.

"டூ," என்றாள். மூச்சு விடாமல், "பழம், த்ரீ, ஃபோர், ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட், நைன், டென்."

மேடம் கண்ணாடியை மேலே தள்ளினார். "நடுவுல என்ன பழம்?"

"உங்களுக்கு."

"எனக்கு எதுக்கு?"

"உங்ககிட்ட டூ சொல்லிட்டேன்ல. அதான் பழம்."

மிஸ் குனிந்து மேடத்தின் காதில் ஏதோ சொன்னார். மேடத்தின் தோள்கள் குலுங்கின. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. "பழத்தைத் தள்ளிட்டா சரியா பத்து வருது," என்றார். "மேல போலாம் நீ."

டூ சொன்னால் உடனே பழமும் சொல்லிவிட வேண்டும், அப்போது சண்டை ஆகாது என்று தோழிதான் ஏற்பாடு செய்திருக்கிறாள். இதை என் மகள் பிறகு சொன்னாள். இருவரும் மண்வாளியை வைத்துக்கொண்டு பேசி முடித்த விஷயம். எங்கள் படிக்கட்டுப் பயிற்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்து இரட்டைச் சடைக்காரி. காலையில் வண்டியிலிருந்து இறங்கியது முதல் வாய் மூடாதவள் அவள். பள்ளி ஆயா அம்மாவிடம் தினமும் அவர் வீட்டில் அன்று என்ன குழம்பு வைத்தார் என்று விசாரிப்பவள். மேடத்தின் முன்னால் போய் நின்றாள். பெயர் என்ன என்று மேடம் கேட்டார். அவள் மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தாள்.

"ஒன் சொல்லும்மா."

ஃபேன்.

"ஒன்..." என்று மிஸ் எடுத்துக்கொடுத்தார்.

பாயிலிருந்து என் மகள், "ஒன், டூ," என்று கிசுகிசுத்தாள். இந்த முறை பழம் சேர்க்கவில்லை.

"நீ சொல்லக் கூடாது," என்றார் மேடம்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்பா கெஞ்சினார். "சொல்லுடி. ஊட்ல நூறு வரிக்கும் சொல்லுவியே. மேடமாண்ட சொல்லுடி."

மேடம் பொறுமையாகக் காத்திருந்தார். இரண்டு பிள்ளைகளை முடித்துவிட்டு மறுபடியும் கூப்பிட்டார். அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை. பயந்தது போலவும் தெரியவில்லை. மேடத்தின் புடவையில் இருந்த பூக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் மேடம் அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு வெளியே பார்த்தார்.

"வயசும் கம்மிதான் இவளுக்கு. எல்லாரையும்விடச் சின்னவ. இன்னொரு வருஷம் கீழயே இருக்கட்டுமே?"

"இருக்கட்டும் மேடம்," என்றார் அவர். மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "வாயாடி, இன்னிக்கின்னு பாத்து மூடிக்கினா பாருக்கா," என்றார் என்னிடம். சிரிக்கப் பார்த்தார்.

என் மகள் என்னிடம் ஓடிவந்து, "நாங்க மேல போறோம்," என்றாள். நாங்க என்றுதான் சொன்னாள். குட்டியானை கிளம்பும் சத்தம் கேட்டது. அது தெருமுனை திரும்பும்போது முன் இருக்கையிலிருந்து ஒரு குரல் உரக்க எண்ணிக்கொண்டு போனது: ஒன், டூ, த்ரீ, ஃபோர். பத்தில் நிற்காமல் அதற்கு மேலும் போனது.

ஜூனில் பள்ளி திறந்தது. எல்.கே.ஜி.க்கு இடைவேளை பத்தரை மணிக்கு. பிரீ.கே.ஜி.க்குப் பதினொரு மணிக்கு, மாடிப் பிள்ளைகள் மேலே திரும்பிப் போன பிறகு.